கதவக்காவும் பன்னிரண்டு கதவுகளும்

எங்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்த பெண்கள் எல்லோரும் புது மருமகளான என்னைத்தான் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் என்னைத் தாண்டிக்கொண்டு நேராக உள்ளே போனார். கூடம், அடுக்களை, அதற்குப் பின்னால் இருந்த சின்ன அறை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து என் மாமியாரிடம் கேட்டார்.

“பின்வாசல் எங்கன மதினி?”

பின்வாசல் இருந்தது. அதை அடைத்துக்கொண்டு என் சீர் பீரோ நின்றது. வேறு எந்தச் சுவரிலும் இடம் இல்லை, எல்லாவற்றிலும் கொத்தனார் ஜன்னல் வைத்துவிட்டார் என்று மாமியார் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பீரோவை நெட்ட ஆரம்பித்துவிட்டார். விசேஷத்துக்கு வந்தவர் தனியாகத் தள்ளுகிறாரே என்று நாங்கள் நாலு பேர் ஓடிப்போய்ப் பிடித்தோம். பீரோ நகர்ந்து பின்கதவு திறந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பே அணைந்திருந்தது. பால் பொங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. மாமியார் அந்தக் குறையை ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்தான் கதவக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் நானே அதை அடித்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பேரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. கதவக்கா வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கொண்டுபோய் விட்டுவிடும். எங்கள் ஊர் திருத்தங்கலை ஒட்டியது. தெருவில் பாதி வீடு பட்டாசு கம்பெனிக்குப் போகும், மீதி வீடு பிரஸ்ஸுக்குப் போகும். நான் பிரஸ். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காலண்டர், பத்திரிகை, ஃபிளெக்ஸ் எல்லாம் டிசைன் செய்கிறேன். அக்கா பட்டாசு. முப்பது வருஷ அனுபவம். கணவர் இல்லை, ஒரே மகள்.

பட்டாசு கம்பெனியில் மருந்து புழங்கும் அறைக்கு நாலு பேர், நாலு கதவு. கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். வேலை நேரத்தில் ஒன்றைக்கூடச் சாத்தக் கூடாது. எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தாலும் சாயங்காலம் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் மறந்துவிடுவோம். அக்கா மறக்கவில்லை. பஸ்ஸில் படிக்குப் பக்கத்து சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்குள் போக மாட்டார். வாசலில் நின்றபடியே வயிற்றுவலியைச் சொல்வார், பாவம் அந்த டாக்டர்தான் ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து வருவார். அவர் வீட்டில் தாழ்ப்பாளே கிடையாது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் சணல் கயிறுதான்.

“திருடன் வந்தா சிரமமே இல்லாம உள்ள வந்துருவானே” என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேலி செய்தார்.

“வரட்டும். வந்தவன் வெளிய போறதுக்கும் வழி வேணும்ல” என்றார் அக்கா, சிரிக்காமல்.

கேலி செய்வதில் ஊர் குறை வைக்கவில்லை. நானும் செய்திருக்கிறேன். ஆனால் அவர் தங்கை மகன் கல்யாணத்துக்கு விருதுநகர் போன அன்றோடு எனக்குக் கேலி நின்றுபோனது. புது மண்டபம். மாடியில் ஏசி ஹால், ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு, ஹாலுக்கு ஒரு கண்ணாடிக் கதவு. அக்கா படிக்கட்டில் நாலு படி ஏறினார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார், இறங்கிவிட்டார். தங்கை வந்து அழைத்தும் வரவில்லை. தாலி கட்டும்போது மேளச் சத்தம் கேட்டுக் கீழே ரோட்டில் நின்றபடியே அட்சதையை வாசல் பக்கம் தூவினார். நான் இலையில் சாப்பாடு வாங்கிக்கொண்டு கீழே போனேன். வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பார்க் பண்ணியிருந்த ஒரு வேனின் நிழலில் உட்கார்ந்திருந்தார். வேர்த்து முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பயப்படுகிறவரைப் பார்த்து இத்தனை நாள் சிரித்திருக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

அவருடைய பயத்தால் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனியில் அவர் பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி. ஒருநாள் வேலை மும்முரத்தில் அவர் திடீரென்று கத்தினார். “எந்திரி, வெளிய!” அவ்வளவுதான். எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கடைசி அறையின் கூரை பறந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், வாடை மாறிச்சு என்று மட்டும் சொல்வார். அன்றிலிருந்து அக்கா அந்தக் குரலில் கத்தினால் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. அவரும் அந்தக் குரலை வேறு எதற்கும் எடுத்ததில்லை. மகளைத் திட்டும்போதுகூட மெதுவாகத்தான் திட்டுவார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பெரிய கட்டடத்துக்குள் மட்டும் சிரித்த முகத்தோடு போவார். அது எங்கள் ஊர் பேட்டை மண்டபம்.

மாட்டுவண்டிக் காலத்தில் அது பருத்தியும் வத்தலும் இறக்கி வைக்கிற கிட்டங்கி. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக்காரியத்துக்கு ஒதுக்கிய மகமையில் கட்டியது. ஒரே நீளமான ஹால். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். தேக்கு உத்தரத்தில் மச்சு. இரண்டு பக்கமும் வண்டி வந்து நின்று ஒரே நேரத்தில் சரக்கு இறக்க வேண்டும் என்பதால் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு கதவு. எந்தச் சரக்கு எந்தக் கதவு என்று எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரர்களுக்கும் தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு நிலையின் மேலும் ஒரு சின்ன உருவம் செதுக்கியிருக்கும். பருத்திக்காய், மிளகாய் வத்தல், கொத்தமல்லிக் கொத்து, எண்ணெய்ச் செக்கு, இப்படி. கிட்டங்கி போய்க் கல்யாண மண்டபம் ஆன பிறகும் அந்தப் பேர் போகவில்லை. பெண் பருத்திக் கதவு வழியாகத்தான் வரும். பந்திக்குச் செக்குக் கதவு. சண்டை போட்டுக்கொண்டு போகிற சம்பந்தி வத்தல் கதவு வழியாகப் போவார் என்று எங்கள் ஊரில் ஒரு கிண்டல் உண்டு.

கம்பெனிக்குப் போகிற சனங்களின் கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேதான். அக்காவும் அங்கே நடந்தால் வருவார். வந்து எல்லாக் கதவையும் ஒரு பார்வை பார்ப்பார். ஒன்பது திறந்திருக்கும். மூன்றைக் காலப்போக்கில் அடைத்துவிட்டார்கள். ஒன்றின் முன்னால் பாத்திர அலமாரி, ஒன்றின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு, ஒன்று மேடைக்குப் பின்னால் போர்டு மறைவில். அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுத் திறந்திருக்கிற கதவு ஒன்றின் நிலையோரமாக உட்கார்ந்துகொள்வார். கம்பெனியில் அறைக்குள் நுழையும் முன்னால் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்கு. அந்தப் பழக்கத்தில் மண்டபத்து மர நிலையையும் உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுக்கொள்வார்.

என் முதலாளிதான் மண்டபக் கமிட்டிச் செயலாளர். அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷர். ஊழியர் வீட்டு விசேஷம் ஒன்றையும் விட மாட்டார். ஆனால் புதிதாக எதைப் பார்த்தாலும் அதை நம் ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை அவருக்கு. ஒருநாள் பென் டிரைவோடு வந்தார். மண்டபத்தை இடித்துவிட்டு மூன்று மாடிக் கட்டடம் வருகிறது, கீழே கடைகள், மேலே ஏசி ஹால், ஊர்க்கூட்டத்தில் வைக்க ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வேண்டும் என்றார். நானும் மளமளவென்று செய்தேன். கட்டடத்துக்கு முன்னால் நான்கு வெளிநாட்டுக் காரை நிறுத்தினேன். எங்கள் ஊரில் முளைக்காத பனைமரம் மாதிரி எதையோ வரிசையாக நட்டேன். வானத்தைக்கூட மாற்றினேன், எங்கள் ஊர் வானம் அவ்வளவு நீலமாக இருக்காது. அந்தக் கட்டடம் வர வேண்டுமென்றால் எது போக வேண்டும் என்று அப்போது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

உறைக்க வைத்தவர் அக்கா. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருந்தார். பத்திரிகை அடிக்க வாசகத்தைத் தாளில் எழுதிக்கொண்டு பிரஸ்ஸுக்கு வந்தவர், வழக்கம்போல உள்ளே வராமல் ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றார். தாளை வாங்கினேன். இடம்: பேட்டை மண்டபம் என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என் தோளுக்கு மேலாகக் கம்ப்யூட்டரில் இருந்த அந்த ஃபிளெக்ஸ் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல வாசல் எங்கன தாயி?”

கண்ணாடிக் கதவைக் காட்டினேன். இன்னொன்று எங்கே என்றார். பின்னால் ஒரு ஷட்டர் இருக்கிறது, கடைக்காரர்கள் பூட்டி வைத்துக்கொள்வார்கள் என்றேன். இந்தக் கட்டடம் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஐப்பசியில் இடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் தாளைத் திருப்பி வாங்கி நான்காக மடித்தார்.

“மாப்பிள்ள வீட்டுல மண்டபந்தான் வேணும்னுட்டாக. மத்த மண்டபம் அம்புட்டும் ஏசி. அப்ப எம்மக கல்யாணத்துக்கும் நான் ரோட்டுலதான் நிக்கணுமா?”

தாளை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. விருதுநகர் வேன் நிழல் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து நின்றது.

மறு திங்கட்கிழமை மனு கொடுக்கிற நாள். நான் அடித்துக் கொடுத்த மனுவை எடுத்துக்கொண்டு அக்கா சூலக்கரைக்குப் போனார். கலெக்டர் ஆபீஸ் ஹாலுக்குள் நுழையும் முன் எத்தனை வாசல் என்று போலீஸ்காரரிடம் விசாரித்தாராம். அவர் என்ன நினைத்தாரோ, பையைச் சோதனை போட்டுவிட்டாராம். இதைச் சொல்லும்போது அக்காவுக்கே சிரிப்பு. ஆனால் பலன் இருந்தது. சின்ன வயது என்ஜினியர் ஒருவர் வந்தார். இடிப்பதற்குக் கமிட்டி சொன்ன முதல் காரணம் சுவர் விரிசல். கிழக்குச் சுவரில் நான்கு இடத்தில் பாம்பு மாதிரி ஓடியது உண்மைதான். என்ஜினியர் உளி வைத்து ஒரு இடத்தில் கொத்தினார். மேலே இருந்த சிமெண்டுப் பூச்சு அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே சுண்ணாம்புச் சுவரில் ஒரு கோடுகூட இல்லை. பிற்காலத்தில் பூசிய சிமெண்டுதான் விரிந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினால் சுவர் இன்னும் நெடுங்காலம் நிற்கும் என்றார். ஆனால் மண்டபம் கமிட்டியின் சொத்து, வைப்பதும் இடிப்பதும் அவர்கள் முடிவு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி அசரவில்லை. சுவர் நிற்கும் சரி, கூட்டத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று புதுக் கேள்வியை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலேயே ஊர்க்கூட்டம் என்று தண்டோரா மாதிரி வாட்ஸ்அப்பில் போட்டார்கள்.

அன்று காலையில் அக்கா என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய். மண்டபச் சாவியைக் காவல்காரரிடம் வாங்கி, நாங்கள் இரண்டு பேரும் அலமாரியை நகர்த்தினோம், நாற்காலியை எல்லாம் கொண்டுபோய் முற்றத்தில் அடுக்கினோம். மேடைக்குப் பின்னால் இருந்த போர்டைக் கழற்றினோம். அதற்குப் பின்னால்தான் மல்லிக் கதவு. திறந்து எத்தனை வருஷமோ, கீல் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அக்கா துணியை எண்ணெயில் நனைத்து நனைத்து ஊறவிட்டுக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்காமல், உங்களுக்கு எதுக்குக்கா கதவு மேல இம்புட்டுக் கிறுக்கு என்று கேட்டுவிட்டேன். அத்தனை வருஷப் பழக்கத்தில் அன்றுதான் கேட்டேன்.

அவர் கையை நிறுத்தாமலே சொன்னார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. அவருக்குக் கல்யாணமான புதிது. தீபாவளிக்கு முந்தின வாரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, லோடு ஏற்ற லாரி வரவில்லை. கட்டிய பெட்டிகளை வைக்க இடம் இல்லாமல் நான்கு கதவில் ஒன்றின் முன்னால் அடுக்கினார்கள். இன்று ஒருநாள்தானே என்று. அடுத்த அறையில் தீப் பிடித்தது. மூன்று பேர் மூன்று கதவு வழியாக வெளியே விழுந்தார்கள். நான்காவது ஆள் அவருடைய சிநேகிதி. தினமும் தான் வந்து போகிற கதவை நோக்கியே ஓடியிருக்கிறாள். அதுதான் அடைத்திருந்தது.

“அந்தப் பெட்டிய அடுக்குனது நாந்தான் தாயி” என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. கையை விலக்கிக்கொண்டு தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். மல்லிக் கதவு முனகிக்கொண்டு திறந்து, பின்பக்க வெயில் மேடை மேல் விழுந்தது. பன்னிரண்டும் திறந்து அந்த மண்டபத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே காற்று புகுந்து புறப்பட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

கூட்டத்துக்கு இருநூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பாதிக்குமேல் கம்பெனிக்குப் போகிற சனம். மேடையில் அண்ணாச்சியும் கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும். அவர்களுக்குப் பின்னால், மல்லிக் கதவை மறைக்காமல் சற்றுத் தள்ளி, என் ஃபிளெக்ஸ், நான்கு வெளிநாட்டுக் காரோடு. எனக்கு அதைப் பார்க்கவே கூசியது. அண்ணாச்சி பேசினார். நன்றாகத்தான் பேசினார். பழைய கட்டடம், மர உத்தரம், இவ்வளவு பேர் கூடுகிற இடம், ஏதாவது ஒன்று என்றால் பிள்ளைகளையும் வயசானவர்களையும் எப்படி வெளியே கொண்டுவருவது, நாளைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். சனம் தலையாட்டியது. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு யாரும் தலையாட்டாமல் இருக்க முடியாது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

பருத்திக் கதவோரம் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தார்.

“எந்திரி, வெளிய!”

நான் ரோட்டில் நின்றேன். எப்படி வந்தேன், எந்தக் கதவு வழியாக வந்தேன் என்று தெரியவில்லை. இடுப்பில் என் மகள் இருந்தாள். பக்கத்தில் என் மாமியார், ஒரு காலில் செருப்பு. யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் மிதிக்கவில்லை. பன்னிரண்டு கதவிலும் பன்னிரண்டு வாய்க்கால் மாதிரி சனம் வழிந்து இரண்டு பக்கமும் நின்றது. நடக்க முடியாத தாத்தா ஒருவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா உள்ளே நின்று எண்ணிக்கொண்டிருந்தார், வெளியே வரைக்கும் கேட்டது. பதினெட்டு என்பதோடு நிறுத்தினார். மண்டபத்துக்குள் அவரைத் தவிர மேடையில் நான்கு பேர் மட்டும். அண்ணாச்சி மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. இருநூறு பேரு, பதினெட்டு எண்ணுறதுக்குள்ள வெளிய நிக்காக. உங்க படத்துல இருக்க கட்டடத்துல இதச் செய்ய முடியுமா?”

அண்ணாச்சி படத்தைத் திரும்பிப் பார்த்தார். நான் வைத்த ஒற்றைக் கண்ணாடிக் கதவு அங்கே பளபளத்துக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தார். வத்தல் கதவுக்கு வெளியே அவர் மனைவி பேரனை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி மைக்கை வைத்துவிட்டு மெதுவாகப் படி இறங்கி வந்தார்.

“எம்பொஞ்சாதி எனக்கு முன்ன ரோட்டுல நிக்கா. நான் இன்னும் உள்ள நிக்கேன்” என்றார். அவர் சிரித்த பிறகுதான் சனமும் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் குரலைப் பொய்யாக எடுத்தது அதுதான் முதல் தடவை, அதுவே கடைசி, இனி அவர் கத்தினால் மெய்யாகத்தான் இருக்கும், அப்போதும் இப்படியே ஓட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஓடும்போது மூக்குக்கண்ணாடி விழுந்து உடைந்த பெரியவர் வீட்டுக்கும், நிலையில் இடித்துக் கால் நகம் பெயர்ந்த பெண்ணின் வீட்டுக்கும் அன்று சாயங்காலமே போய் மன்னிப்புக் கேட்டார். நானும் கூடப் போனேன். ஊருக்குப் பாடம் சொன்ன பெருமை ஒன்றும் அவரிடம் இல்லை. தன்னிடம் இருந்த ஒன்றைச் செலவழித்துவிட்டோம் என்கிற கவலைதான் இருந்தது. அப்படி ஒன்றும் ஆகாதுக்கா, நீங்க கூப்பிட்டா நாங்க வருவோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கமிட்டி இரண்டு வாரம் பேசியது. கடைசியில் கடைகளை முற்றத்துக்கு அந்தப் பக்கம், ரோட்டோரக் காலி இடத்தில் ஒரு வரிசையாகக் கட்டிக்கொள்வது, மண்டபத்தைத் தொடக் கூடாது என்று முடிவானது. அண்ணாச்சி பிரஸ்ஸுக்கு வந்து அந்த ஃபிளெக்ஸ் ஃபைலை அழித்துவிடச் சொன்னபோது எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. இவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையையும் நான் அழித்ததில்லை. சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினார்கள். நிலைகளில் வருஷா வருஷம் அடித்த பெயிண்டைக் கழற்றியபோது செதுக்கியிருந்த உருவங்கள் தெளிந்து வந்தன. மல்லிக்கொத்தில் ஒவ்வொரு விதையும் தனித்தனியாகத் தெரிந்தது. அண்ணாச்சிக்கு இப்போது அதுவே புது ஆசையாகிவிட்டது. அந்த வருஷம் மாதத்துக்கு ஒரு கதவு என்று காலண்டர் போட்டார். பன்னிரண்டு படத்தையும் நான்தான் எடுத்தேன். வெளிநாட்டுக் கார் எதையும் நிறுத்தவில்லை.

மண்டபம் புதுப்பித்த அன்று ஊரே கூடி விழா எடுத்தது. எங்கள் பக்கத்தில் வெடி இல்லாமல் விழாவா? சரம் வந்து இறங்கியது. அக்கா அதை எல்லாம் கண்மாய்க் கரைக்கு அனுப்பிவிட்டார். வெடிச்சத்தத்தைத் தூரத்தில் கேட்டுக்கொண்டு நாங்கள் இங்கே சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். நான் பார்த்ததிலேயே வினோதமான விழா அதுதான், ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை.

தை பிறந்தது. கல்யாணத்தன்று நான் கொஞ்சம் பிந்தித்தான் போனேன். போனதும் அக்காவைத் தேடினேன். பருத்திக் கதவோரம் இல்லை. செக்குக் கதவோரம் இல்லை. ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போனேன். பன்னிரண்டாவதும் முடிந்துவிட்டது, ஆள் இல்லை. எனக்குத் திக்கென்றது. முகூர்த்த நேரத்தில் வெளியே போய்விட்டாரா, மறுபடியும் ரோட்டில்தான் நிற்கிறாரா என்று பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். காவல்காரர், அக்கா உள்ளேதான் இருக்கிறார் என்றார்.

உள்ளே திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தின் நட்ட நடுவில், எந்தக் கதவுக்கும் பக்கமில்லாமல், பட்டுச்சேலை சரசரக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் அட்சதைத் தட்டு. கதவுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தைக் காற்று வத்தல் கதவு வழியாகச் சுற்றி அடித்தது. மணமேடைக் குத்துவிளக்கு இரண்டு தடவை அணையப் பார்த்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா, அந்த ஒரு கதவை மட்டும் கொஞ்சம் சாத்துங்களேன் என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் கதவில் கை வைக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அக்காவைப் பார்த்தார்கள். மேளம்கூடக் கொஞ்சம் தணிந்ததாக எனக்குத் தோன்றியது.

“சாத்துங்க” என்றார் அக்கா. “தாழ் மட்டும் போடாதீக.”

சாத்தினார்கள். விளக்கு நின்று எரிந்தது. தாலி ஏறுகிற வரைக்கும் அக்கா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.